பயிற்றாசிரியர் வோல்டர் அல்ஸ்டன்

ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டுக்களுள் பேஸ்போல் என்பதும் ஒன்று. எமது இளைஞர்கள் கிறிக்கெற் ஆட்டத்தை நன்கறிவர். பேஸ்போல் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். ஓர் அணிக்கு ஒன்பது பேர். எறியப்படும் பந்தை உருண்டைத் தடியினால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் தொட்டு ஓடிவந்தால் ஓர் ஓட்டம். அடிக்கத்தக்க பந்தை மூன்று முறை தவறவிட்டவர் ஆட்டமிழந்தவராவர். வேலிக்கு அப்பாற் போய் விழும்படி பந்தை அடித்து, நான்கு தளங்களையும் ஆறுதலாகச் சுற்றி வருவதை ஹோம்றன் என்பர்.

கிறிக்கெற் ஆட்டத்திலே தலைவர் மைதானத்தில் நின்று ஆடிக்கொண்டே கட்டளையிடுவார். பேஸ்போலிலோ அவ்வதிகாரம் மைதானத்தின் ஓரத்து வாங்கில் அமர்ந்திருக்கும் பயிற்றாசிரியருக்கே உரியது. அவரை அமெரிக்கர் மனேஜர் என்பர். எவரைப் பந்தெறிய விடுவது, எவரை எங்கே நிறுத்துவது, எவரை எப்போது மாற்றுவது என்பன யாவும் அவர் தீர்மானம். வென்ற நாளில் அவரை எவரும் தேடார். தோற்ற நாளிலோ பத்திரிகைக்காரர் அனைவரும் அவர் வாசலிலேயே நிற்பர்.

இவ்விளையாட்டினாற் புகழ் படைத்த வீரர் பலருளர். நாம் இங்கு கூறப் புகுந்தது அவர்களுள் ஒருவருடைய வரலாறன்று. பெரிய அரங்கிலே தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் தடியெடுத்து நின்று, அம்முறையும் மூன்று பந்தையும் தவறவிட்டுத் திரும்பிய ஒருவருடைய வரலாறே இது. அவர் பெயர் வோல்டர் அல்ஸ்டன்.

அல்ஸ்டன் 1911ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 1ஆந் திகதி, ஒஹையோ மாநிலத்திலே வெனிஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இத்தாலியிலுள்ள வெனிஸ் மாநகரம் இதுவென்று எவரும் மயங்கவேண்டாம். இது சோளமும் மாடும் நிறைந்த கமக்காரர் நாடு. தந்தையார் குத்தகை நிலத்திற் பயிர் செய்தவர். குடும்பம் பின்னர் டார்டவுன் என்னும் கிராமத்தில் வந்து குடியேறியது. ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், சில வீடுகள் என்று சொல்லி முடித்துவிடக்கூடிய அக்கிராமமே அல்ஸ்டனுக்குச் சாகும்வரை சொந்த ஊராயிற்று. பள்ளிக்கூட நாளில் அவர் மிக வேகமாகப் பந்தெறிவார். பந்து புகைகக்கிக்கொண்டு வருகிறது என்னும் கருத்திலே தோழர் அவரை ஸ்மோக்கி என்று அழைத்தனர். பிற்காலத்தில் அவர் பந்தெறிதலைக் கைவிட்டார். பெயர் மட்டும் அவரை விடவில்லை.

1930ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயதும் நிறையுமுன்பே, தம்மோடு பழகி வளர்ந்த லீலா என்னும் பெண்ணை மணந்தார். அது அமெரிக்காவிற் பெரும் பொருளாதார மந்தம் கவிந்த காலம். கையிற் காசில்லை, மேற்படிப்பு எட்டாக்கனியாயிற்று. அவ்வூர் மெதடிஸ்த போதகர் ஒருவர் ஐம்பது டொலரைக் கொடுத்து, போய்ப் படி என்று அனுப்பிவைத்தாராம். ஒக்ஸ்போட் நகரிலுள்ள மயாமிப் பல்கலைக்கழகத்திலே கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டு அல்ஸ்டன் கற்றார். கூடைப்பந்தும் பேஸ்போலும் ஆடினார். 1935ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அந்த ஐம்பது டொலர் மட்டும் அன்று கிடைத்திராவிடின் இவ்வரலாறு எவ்வாறு போயிருக்குமோ நாம் அறியோம்.

பட்டம் பெற்ற அதே ஆண்டிலே சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணியினர் அவரை ஒப்பந்தஞ் செய்தனர். இவ்விடத்தில் அக்காலத்து ஒழுங்கொன்றைச் சொல்லுதல் வேண்டும். பெரிய அணிகள் பதினாறே. அவற்றின் கீழே சிறு நகரங்கள்தோறும் படிப்படியாக அமைந்த சிறிய அணிகள் அநேகம் இருந்தன. கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் றிக்கி என்பவர், வயலுக்கு நாற்றுமேடை எப்படியோ அப்படியே பெரிய அணிக்குச் சிறிய அணிகள் என்று கண்டு, அவற்றை விலைக்கு வாங்கியும் உடன்படிக்கை செய்தும் தம் கையில் வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான இளைஞர் அங்கே விதைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருசிலரே பெரிய வயலுக்குப் பிடுங்கி நடப்பட்டனர். மற்றையோர் குறைந்த சம்பளமும், இரவிரவாக பஸ்ஸிற் பிரயாணமும், மலிவான விடுதியுமாக ஆண்டுகள் சிலவற்றைக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பினர்.

அல்ஸ்டன் மிசிசிப்பி மாநிலத்துக் கிறீன்வூட் என்னுமிடத்தில் ஆடத் தொடங்கினார். மறு ஆண்டு மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள ஹண்டிங்டன் நகரிலே 35 ஹோம்றன்கள் அடித்து, தம் லீக்கில் முதலிடம் பெற்றார். ஆறடி இரண்டங்குல உயரம். உழவுத் தொழிலில் உரமேறிய கை. பெரிய அணி அவரை அழைத்தது.

1936ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 27ஆந் திகதி. அந்தப் பருவத்தின் கடைசி நாள். கார்டினல்ஸ் சிக்காகோ கப்ஸ் அணியை எதிர்த்து ஆடினர். முதலாந் தளத்தைக் காத்த ஜோனி மைஸ் நடுவரோடு வாதாடி வெளியேற்றப்பட்டார். அவ்விடத்திற்குரிய மற்றையவரும் முன்னமே ஆட்டத்திற் பயன்படுத்தப்பட்டுவிட்டார். எனவே வாங்கில் இருந்த அல்ஸ்டனுக்கு அழைப்பு வந்தது. தம்மிடம் வந்த இரண்டு பந்துகளுள் ஒன்றைத் தவறவிட்டார். பின்னர் தடியெடுத்து நின்றார். எதிரே பந்தெறிந்தவர் லொன் வார்னெக்கி, அக்காலத்திற் பெயர்போனவர். அல்ஸ்டன் ஒரு பந்தை ஓங்கி அடித்தார்; அது வெகுதூரம் சென்று எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. பின்பு மூன்றாவது பந்தும் தவறியது. அவ்வளவே. அவருக்கு வயது இருபத்துநான்கு. பெரிய லீக்கில் ஆட்டக்காரராக அவர் பெயர் பதிந்திருப்பது அந்த ஒரு வரியில் மட்டுமே.

மைஸ் பின்னர் பேஸ்போல் புகழ் மண்டபத்திலே இடம்பெற்ற பெருவீரர். அவர் முதலாந் தளத்தில் நிற்கும்வரை அங்கே வேறொருவருக்கு இடமில்லை. அல்ஸ்டன் மீண்டும் சிறிய அணிகளுக்கே அனுப்பப்பட்டார். ஹூஸ்டன், றொச்செஸ்டர், போட்ஸ்மத் என ஊரூராகச் சென்று ஆடினார். கோடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்திற் படிப்பித்தார். ஒஹையோவிலுள்ள நியூ மடிசன், லூயிஸ்டவுன் ஆகிய இடங்களிலே உயிரியலும் கைப்பணியும் கற்பித்து, மாணவருக்குக் கூடைப்பந்தும் பழக்கினார். ஆறு மாதம் மாணாக்கர் முன்னிலையில் ஆசிரியர். ஆறு மாதம் பயிற்றாசிரியர் முன்னிலையில் மாணாக்கர். இப்படிப் பல ஆண்டுகள் சென்றன. ஓர் ஆசிரியருக்கு வகுப்பறையிலே மந்தமான பிள்ளையும் உண்டு, முரட்டுப் பிள்ளையும் உண்டு, ஒரு சொல்லாலே வாடிவிடும் பிள்ளையும் உண்டு. அவரவரை அவரவர் வழியிற் சென்று பழக்கும் பொறுமையை அல்ஸ்டன் மைதானத்திலே கற்கவில்லை, வகுப்பறையிலேயே கற்றார் என்று நாம் நினைக்கிறோம்.

1940ஆம் ஆண்டிலே போட்ஸ்மத் அணிக்கு ஆட்டக்காரராகவும் மனேஜராகவும் ஒருங்கே இருக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அடுத்த ஈராண்டும் ஸ்பிறிங்பீல்ட் அணியில் அதே பணி. பின்னர் மீண்டும் வெறும் ஆட்டக்காரராக றொச்செஸ்டருக்குச் சென்றார். 1944ஆம் ஆண்டிலே அவ்வணியினர் அவரை வேண்டாமென்று விடுவித்தனர். வயது முப்பத்திரண்டு. ஆட்டக்காரனுக்கு அது மாலை நேரம். பள்ளிக்கூடத்தோடு ஆறி இருந்துவிடலாம் என்று அவர் ஊருக்கு வந்துவிட்டார்.

அப்பொழுது புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியை நடத்திக்கொண்டிருந்தவர் முன்னே நாம் கூறிய அதே பிராஞ்ச் றிக்கி. அவர் அல்ஸ்டனின் தடியை மறந்தாலும் தலையை மறக்கவில்லை. ட்றென்டன் நகரத்து அணியை நடத்தவேண்டுமென்று அழைத்தார். அல்ஸ்டனும் போனார். அந்த அழைப்போடு தொடங்கிய தொடர்பு முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது.

1946ஆம் ஆண்டைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். அதுவரை அமெரிக்காவின் பெரிய லீக்கிலோ அதன் கீழுள்ள லீக்குகளிலோ கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்ப்பதில்லை என்பது எழுதாச் சட்டம். அறுபது ஆண்டுகளாக அச்சட்டம் அசையாமல் நின்றது. கறுப்பின வீரர் தமக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடிவந்தனர். றிக்கி இவ்வழக்கத்தை உடைக்கத் துணிந்தார். ஜாக்கி றொபின்சனைக் கனடாவிலுள்ள மொன்றியல் அணிக்கு அனுப்பினார். இது பலருமறிந்த செய்தி. அதே ஆண்டில் றோய் கம்பனெலா, டொன் நியூகம் என்னும் வேறு இருவரையும் எங்கே அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. இலினோய் மாநிலத்து அணி ஒன்றுக்கு அனுப்ப எண்ணியபோது அந்த லீக்கினர் மறுத்துவிட்டனர். ஈற்றில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலே நஷுவா என்னும் ஆலை நகரம் அவர்களை ஏற்றுக்கொண்டது. அந்த அணியின் நிர்வாகி பஸ்ஸி பவாசி, மனேஜர் அல்ஸ்டன்.

இருபதாம் நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்க மண்ணில் இரு நிறத்தவரும் சேர்ந்தாடிய முதலாவது தொழில்முறை பேஸ்போல் அணி அதுவே. எதிரணியினரின் ஏச்சும் ஏளனமும் இல்லாமற் போகவில்லை. அல்ஸ்டன் மேடை ஏறிப் பேசியவரல்லர், அறிக்கை விட்டவருமல்லர். ஆடத் தெரிந்தவன் ஆடட்டும் என்று அவர் ஒழுகினார். எனினும் அவர் செய்த ஒரு காரியம் ஆயிரம் பேச்சுக்கு ஒப்பாகும். நடுவர் தம்மை வெளியேற்றும் நாள் வந்தால் அணியை நடத்த ஒருவர் வேண்டும் அல்லவா? அப்பொறுப்பை அவர் கம்பனெலாவிடம் ஒப்படைத்திருந்தார். கறுப்பின லீக்கிலே ஆண்டுக்கணக்காக ஆடியவர், ஆட்டத்தின் நுட்பம் யாவும் அறிந்தவர் என்பதே காரணம். ஜூன் மாதத்து ஆட்டமொன்றில் அல்ஸ்டன் வெளியேற்றப்பட்டார். கம்பனெலா பொறுப்பேற்றார். பந்தெறிபவரான நியூகம்மை அவர் ஒருவருக்குப் பதிலாகத் தடியெடுக்க அனுப்ப, நியூகம் ஹோம்றன் அடித்தார். ஆட்டமும் வெல்லப்பட்டது. வெள்ளையர் நிறைந்த தொழில்முறை அணியொன்றைக் கறுப்பினத்தவர் ஒருவர் நடத்தியது அதுவே முதன்முறை. பெரிய லீக்கில் அத்தகைய ஒருவர் நிரந்தர மனேஜராக வருவதற்கு 1975ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியதாயிற்று என்பதை எண்ணும்போது, அந்தச் சிறு நகரத்து மாலைப்பொழுதின் பெருமை விளங்கும். கம்பனெலா பின்னர் மூன்று முறை தம் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். நியூகம் 1956ஆம் ஆண்டில், சிறந்த பந்தெறிவோருக்கென அவ்வாண்டு ஏற்படுத்தப்பட்ட சை யங் பரிசை முதன்முதற் பெற்றார்.

அதன்பின் பியூப்ளோ ஓராண்டு, சென் போல் ஈராண்டு, மொன்றியல் நான்காண்டு. ஒவ்வொரு படியாகவே ஏறினார். மொன்றியலில் அவர் அணி வெற்றிமேல் வெற்றி பெற்றது. பிற்காலத்து டொட்ஜர்ஸ் வீரர் பலர் இவ்வூர்களிலே அவர் கையால் உருவானவர்கள். இருந்தும் நியூயோர்க் மாநகரிலே அவரை அறிந்தார் மிகச் சிலரே.

1953ஆம் ஆண்டு முடிவிலே டொட்ஜர்ஸ் மனேஜர் டிறெஸன், தொடர்ந்து இரு பருவங்களில் லீக் வெற்றி ஈட்டித் தந்தவர், தமக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் வேண்டுமென்று கேட்டார். அணி உரிமையாளர் வோல்டர் ஒமாலி ஓராண்டுக்குமேல் ஒப்பந்தம் எழுதுவதில்லை என்று மறுத்தார். டிறெஸன் வெளியேறினார். நவம்பர் 24ஆந் திகதி அவ்விடத்துக்கு அல்ஸ்டன் நியமிக்கப்பட்டபோது, யார் இவர் என்று பத்திரிகைகள் வெளிப்படையாகவே கேட்டன. ஒரேயொரு முறை தடியெடுத்துத் தோற்றவரா இந்தப் பெருவீரர்களுக்குக் கட்டளையிடுவது என்று ஏளனஞ் செய்தோரும் உளர். அல்ஸ்டன் ஓராண்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார். மறு ஆண்டும் ஓராண்டு ஒப்பந்தம். அதற்கு மறு ஆண்டும் அப்படியே. இவ்வாறு அவர் கையெழுத்திட்ட ஓராண்டு ஒப்பந்தங்கள் இருபத்துமூன்று. தவணை ஆசிரியருக்கும் இதனைவிட நிச்சயம் உண்டு.

முதலாண்டு சோதனை ஆண்டாயிற்று. றொபின்சன் தணல் போன்றவர். அல்ஸ்டன் நீறு பூத்தவர். இருவருக்கும் பொருந்தவில்லை. 1954ஆம் ஆண்டு சிக்காகோவில் நடந்த ஓர் ஆட்டத்திலே ஸ்னைடர் அடித்த பந்து வேலிக்கு அப்பால் ஒருவர்மேற் பட்டுத் திரும்பி உள்ளே விழுந்தது. நடுவர் அதனை ஹோம்றன் என்று ஏற்கவில்லை. றொபின்சன் வாங்கிலிருந்து பாய்ந்தோடி வாதாடினார். மனேஜரும் பின்னால் வருவார் என்று எண்ணினார். அல்ஸ்டனோ மூன்றாந் தளத்தருகே இடுப்பிற் கைவைத்தபடி நின்றுவிட்டார். பின்னர் படம் பார்த்தோர், றொபின்சன் சொன்னதே சரியென்று கண்டனர். அன்று அவரைத் தனியே விட்டது அல்ஸ்டனுடைய பிழையென்றே நாமும் கூறுவோம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இருவரும் கைகலக்கும் நிலைக்கு வந்தபோது சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று தடுத்தனர். அதன்பின் நட்பு வளர்ந்ததென்று சொல்வதற்கில்லை, வேலை நடந்தது.

1955. புறூக்ளின் மக்களுக்கு அந்த ஆண்டைப்போல இன்னொன்று வாய்த்ததில்லை. இரண்டு லீக்குகளின் முதல் அணிகளும் மோதும் உலகத் தொடரிலே அவர்கள் அதுவரை ஏழு முறை தோற்றவர்கள்; அவற்றுள் ஐந்து முறை தோற்றது அயலூர் யாங்கீஸ் அணியிடம். வருகிற ஆண்டு பார்ப்போம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளுதல் அவ்வூராருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு டொட்ஜர்ஸ் முதற் பத்து ஆட்டங்களையும் வரிசையாக வென்றனர். உலகத் தொடரில் மீண்டும் யாங்கீஸ். முதலிரு ஆட்டங்களிலும் தோல்வி, அடுத்த மூன்றிலும் வெற்றி, ஆறாவதிலே தோல்வி. ஒக்டோபர் 4ஆந் திகதி, யாங்கீஸ் மைதானத்திலே ஏழாவதும் இறுதியுமான ஆட்டம்.

பந்தெறிய அல்ஸ்டன் அனுப்பியவர் ஜோனி பொட்றெஸ். அந்த வாரத்தில்தான் இருபத்துமூன்று வயது நிரம்பிய பையன். றொபின்சன் காயத்தினால் ஆடவில்லை. ஆறாவது இன்னிங்ஸிலே டொட்ஜர்ஸ் இரண்டு ஓட்டங்கள் முன்னே நின்றனர். இரண்டாந் தளத்துக்காரருக்குப் பதிலாக வேறொருவரைத் தடியெடுக்க அனுப்பியதால் அவ்விடம் வெறுமையாயிற்று. இடப்புற வெளியில் நின்ற கில்லியத்தை அல்ஸ்டன் இரண்டாந் தளத்துக்கு இறக்கி, இடப்புற வெளிக்குக் கியூபா நாட்டவரான சான்டி அமோறொஸை அனுப்பினார். அவ்வளவுதான் செய்தார். அடுத்து யாங்கீஸ் ஆட வந்தனர். தளங்களில் இருவர் நிற்க, யோகி பெறா அடித்த பந்து இடப்புற வேலியின் மூலையை நோக்கி உயர்ந்து சென்றது. அமோறொஸ் நெடுந்தூரம் ஓடிக் கையை நீட்டினார். பந்து கையுறைக்குள் விழுந்தது. அவர் இடக்கையால் எறிபவர். ஆதலின் கையுறை வலக்கையில் இருந்தது. வேலிப் பக்கமாக நீட்டவேண்டிய கையும் அதுவே. கில்லியம் அங்கே நின்றிருந்தால் கையுறை மறுகையில் இருந்திருக்கும். பந்து எட்டியிராது என்பது பலர் துணிபு. பிடித்த பந்தை உடனே எறிந்ததால் முதலாந் தளத்திலிருந்து ஓடியவரும் ஆட்டமிழந்தார். ஆட்டம் இரண்டுக்குச் சைபர் என முடிந்தது. புறூக்ளின் நகரம் அவ்விரவு உறங்கவில்லை. அந்நகரத்து அணி வென்ற உலகத் தொடர் அது ஒன்றே. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஒமாலி அணியை நாட்டின் மறுகரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்.

புது நகரிலே முதலாண்டு எட்டு அணிகளுள் ஏழாமிடம். ஒலிம்பிக் விழாவுக்குப் பயன்பட்ட பெரும் அரங்கொன்றில் ஆடவேண்டியிருந்தது. இடப்புற வேலி 251 அடி தூரத்திலேயே நின்றபடியால் அங்கே 42 அடி உயர வலை கட்டினர். அந்த விசித்திர மைதானத்திலேயே 1959இல் அல்ஸ்டன் மீண்டும் உலகத் தொடரை வென்றார். அங்கு நடந்த மூன்று ஆட்டங்களுக்கும் ஒவ்வொன்றுக்கு 92,000 பேருக்கு மேல் வந்தனர்.

அவருடைய வாழ்வில் கசப்பான ஆண்டு 1962. மோறி வில்ஸ் என்னும் மெலிந்த வீரரை அல்ஸ்டன் தம் விருப்பப்படி ஓட விட்டார். பந்து எறியப்படும் கணத்திலே ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குப் பாய்ந்து சேர்தலைத் தளந் திருடுதல் என்பர். வில்ஸ் அவ்வாண்டு 104 முறை அவ்வாறு செய்து, 1915ஆம் ஆண்டுமுதல் நின்ற சாதனையை முறியடித்தார். ஆயினும் பருவத்தின் இறுதி வாரத்தில் அணி சரிந்தது. சான்பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் அணியோடு சமநிலை ஏற்பட்டு, மூன்று ஆட்டங்கள் கொண்ட தீர்வுப்போட்டி நடந்தது. மூன்றாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் நான்குக்கு இரண்டென முன்னின்ற டொட்ஜர்ஸ், எதிரிகளுக்கு நான்கு ஓட்டங்களைக் கொடுத்துத் தோற்றனர். பழி முழுவதும் அல்ஸ்டன் தலையில் விழுந்தது. அவருக்கு உதவியாளராயிருந்த லியோ டுறோச்சர் பேர்பெற்ற மனேஜர், வாய்ச்சாலகர். அடுத்த மனேஜர் அவரே என்று பத்திரிகைகள் எழுதின. அல்ஸ்டன் ஒருவருக்கும் மறுமொழி கூறவில்லை. நஷுவாக் காலத்துத் தோழர் பவாசி இப்பொழுது டொட்ஜர்ஸ் நிர்வாகி. அவர் இவரைக் கைவிடவில்லை. இன்னுமோர் ஓராண்டு ஒப்பந்தம் வந்தது.

அடங்கியவர் என்பதனால் அஞ்சியவர் என்று நினைத்தல் தவறு. 1963இலே பிற்ஸ்பேர்க் நகரில் விமான நிலையத்திலிருந்து செல்லும்போது, பஸ் பழையது, வசதியில்லை என்று ஆட்டக்காரர் சிலர் முணுமுணுத்துக்கொண்டே வந்தனர். அல்ஸ்டன் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். குறைசொல்பவர் எவராயினும் கீழே இறங்கித் தம்மோடு தீர்த்துக்கொள்ளலாம் என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஒருவரும் ஆசனத்தைவிட்டு எழவில்லை. பஸ் புறப்பட்டது. அவ்வாண்டு உலகத் தொடரிலே யாங்கீஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்கடித்தனர்.

சான்டி கோஃபக்ஸ் என்னும் பெருவீரரைப்பற்றி ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. 1955இல் பத்தொன்பது வயதிற் சேர்ந்த அவரை, அக்காலத்து விதிப்படி சிறிய அணிகளுக்கு அனுப்பிப் பழக்க முடியவில்லை. பெரிய தொகை பெற்றுச் சேர்ந்தவர் ஈராண்டு பெரிய அணியிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. அல்ஸ்டன் அவரை ஆண்டுக்கணக்கில் வாங்கிலேயே வைத்திருந்தார், போதிய வாய்ப்புக் கொடுக்கவில்லை என்பதே அக்குறை. அதில் உண்மையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். நாற்றுமேடையில் ஆட்களை வளர்த்துப் பழகியவருக்கு, நாற்றுமேடை காணாத பயிரை எப்படிப் பேணுவதென்று தெரிந்திருக்கவில்லைப்போலும். 1961முதல் கோஃபக்ஸ் தம் திறமை முழுவதையும் காட்டினார். அதன்பின் அல்ஸ்டன் அவரை நம்பியதுபோல எவரையும் நம்பியதில்லை.

1965ஆம் ஆண்டு உலகத் தொடரின் முதலாட்டம் யூதருடைய புனித நோன்பு நாளிலே வந்தது. கோஃபக்ஸ் யூதர்; அன்று ஆட மறுத்தார். அல்ஸ்டன் வற்புறுத்தவில்லை, டிறைஸ்டேலை அனுப்பினார், ஆட்டம் தோற்றது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை நீண்டது. ஒக்டோபர் 14ஆந் திகதி மினசோட்டாவில் இறுதி ஆட்டம். போதிய ஓய்வோடிருந்த டிறைஸ்டேலா, இரண்டே நாள் ஓய்வுபெற்று, முழங்கை வாதநோயினால் வருந்திக்கொண்டிருந்த கோஃபக்ஸா? அல்ஸ்டன் கோஃபக்ஸை அனுப்பினார். வளைந்து செல்லும் பந்து அன்று அவருக்குச் சரிவரவில்லை. வேகப்பந்தையே நம்பி எறிந்து, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் இரண்டுக்குச் சைபர் என வென்றார். அல்ஸ்டனுக்கு அது நான்காவது உலகத் தொடர் வெற்றி.

மறு ஆண்டு உலகத் தொடரில் தோல்வி. கோஃபக்ஸ் கைநோவினால் முப்பது வயதிலே விலகினார். அணி கீழே இறங்கியது. அல்ஸ்டன் மீண்டும் இளைஞரைச் சேர்த்துப் பழக்கினார்; 1974இல் அவர்களைக்கொண்டு ஏழாவது முறையாக லீக் வெற்றி பெற்றார். உலகத் தொடரிலே ஓக்லண்ட் அணியிடம் தோற்றார்.

1976ஆம் ஆண்டு, பருவம் முடிய நான்கு ஆட்டங்களே இருக்கும்போது, தாம் விலகுவதாக அறிவித்தார். அன்றைய திகதி செப்டெம்பர் 27. சென் லூயிஸ் அணிக்காகத் தடியெடுத்து நின்ற அந்த ஒரே நாளிலிருந்து சரியாக நாற்பது ஆண்டுகள். இதனை அவர் எண்ணிச் செய்தாரோ, தற்செயலோ! அவர் நடத்திய டொட்ஜர்ஸ் வென்ற ஆட்டங்கள் 2,040, தோற்றவை 1,613. ஒரே அணியைத் தொடர்ந்து இதனினும் நீண்டகாலம் நடத்தியோர் அவருக்கு முன் கொனி மாக், ஜோன் மக்குறோ என்னும் இருவரே. மொன்றியலில் அவர்கீழ்ப் பந்தெறிந்த டொம் லசோடா அவருடைய இடத்துக்கு வந்தார்.

அல்ஸ்டன் டார்டவுனுக்குத் திரும்பினார் என்று சொல்லுதலும் பொருந்தாது. அவர் அவ்வூரைவிட்டு நீங்கியதேயில்லை. இருபத்துமூன்று ஆண்டும் பருவம் முடிந்தவுடன் அங்கேயே வந்து தங்கினார். வீட்டோடு சேர்ந்த தச்சுப் பட்டறையிலே மேசையும் அலுமாரியும் செய்வதும், அயலவரோடு பில்லியட்ஸ் ஆடுவதும், துவக்கெடுத்து வேட்டைக்குப் போவதுமே அவருடைய பொழுதுபோக்கு. அவர் அணிந்த 24ஆம் இலக்கத்தை டொட்ஜர்ஸ் அணியில் வேறெவரும் அணிவதில்லை என 1977இல் விதித்தனர். 1983இலே புகழ் மண்டபத்துக்கு அவர் தெரிவானார். மாரடைப்புக் கண்டிருந்தமையால் விழாவுக்குப் போக முடியாமல், பேரன் ஒருவரை அனுப்பினார். 1984ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி, தாம் படித்த ஒக்ஸ்போட் நகரத்து வைத்தியசாலையிலே காலமானார். டார்டவுன் மயானத்தில் அவரை அடக்கஞ் செய்தனர்.